ராம்நாடு ஞாயித்துக்கிழமை மூட்டுவாத கிளினிக்: அஞ்சுக்கு நாலு ஸ்டார், மாடிப்படிக்கு ஒண்ணு கட்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் யாருக்காச்சும் கை விரல் முட்டி வீங்கி காலைல எந்திரிச்சா மடக்க முடியாம இருந்தா இத முழுசா படிங்க. நீளமாத்தான் இருக்கும், ஒரு டீய போட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க. கிளினிக் பேரு போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், அப்புறம் அடுத்த மாசம் அதே மாடிப்படி ஏறித்தானே ஆகணும். விஷயம் இதுதான், மதுரையிலேர்ந்து ஒரு மூட்டுவாத டாக்டர், ரூமட்டாலஜிஸ்ட்னு சொல்லுவாங்கல்ல, அவரு மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை ராம்நாடு வந்து ஒரு லேப் மாடில உக்காந்து பாக்குறாரு. ஒரு ரூம், ஒரு நர்ஸக்கா, வெளிய பிளாஸ்டிக் சேரு, அம்புட்டுதான். நாங்க போக ஆரம்பிச்சு ஒரு வருசம் தாண்டிருச்சு.

பேஷன்ட் எங்க அக்கா. வயசு 36. மண்டபத்துல நண்டு கம்பெனில சதை எடுக்குற வேலை, அவிச்ச நண்ட உடைச்சு சின்ன கத்தியால ஓடு படாம சதைய எடுக்கணும், கிலோ கணக்குக்குத்தான் கூலி. விரல்தான் அங்க மூலதனம். மச்சான் விசைப்படகுல போறாரு.

2023 நவம்பர் மழைல அக்காவுக்கு ரெண்டு நாள் காய்ச்சல். காய்ச்சல் போச்சு, கை வலி போகல. அம்மா உடனே "இது சிக்குன்குனியாடா, 2006ல எனக்கும் இப்புடித்தான் இருந்துச்சு, ஆறு மாசத்துல தானா போயிரும்"ன்னு தீர்ப்பு எழுதிட்டாங்க. அம்மாவ தப்பு சொல்ல முடியாது. அந்த வருசம் தெருவே நொண்டிக்கிட்டு திரிஞ்சது எனக்கும் ஞாபகம் இருக்கு. சிக்குன்குனியாவுக்கு அப்புறம் வர்ற மூட்டு வலியும் பாக்க இதே மாதிரிதான் இருக்கும்னு டாக்டரே பின்னாடி சொன்னாரு. கம்பெனில கூட வேலை பாக்குறவங்க வேற, ஐஸ்ல கை வச்சு வச்சு இப்புடி ஆகிருச்சுன்னாங்க. ஆக வீட்டுல ஒரு காரணம், வேலைல ஒரு காரணம், ரெண்டுமே கேக்க சரியா இருந்துச்சு, ஒருத்தரும் கவலைப்படல.

அடுத்து நடந்தது எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான். ஊசி. பெறகு மெடிக்கல்ல செட் மாத்திரை, கவர் இல்லாம நாலு கலர்ல நாலு மாத்திரைய பேப்பர்ல மடிச்சு குடுப்பாங்கல்ல, அது. போட்டா அன்னைக்கு சாயந்திரமே அக்கா பறந்துக்கிட்டு வேலை செய்யும், ரெண்டு நாள் விட்டா திரும்ப கை கொழுக்கட்டை மாதிரி வீங்கிரும். அதுல ஸ்டீராய்ட் இருந்திருக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. அக்கா மூஞ்சி உப்பிக்கிட்டு வந்துச்சு, ஒடம்பு போட்டுருச்சுன்னு எல்லாரும் சந்தோசப்பட்டோம், கூத்த பாருங்க. இடைல எண்ணெய் தேச்சு கட்டு கட்டுறவருகிட்ட மூணு தடவ. அப்புறம் ஒரு எலும்பு டாக்டர். எக்ஸ்ரே எடுத்தாரு, நார்மல். ஆர்ஏ ஃபேக்டர்னு ஒரு டெஸ்ட், நெகட்டிவ். "ஒண்ணும் இல்லம்மா, கால்சியம் கம்மி"ன்னு ஒரு டப்பா மாத்திரை. நாங்களும் நிம்மதியா வந்துட்டோம். ஆரம்பத்துல எக்ஸ்ரே நார்மலாத்தான் இருக்கும், அந்த டெஸ்ட் நெகட்டிவா இருந்தாலும் மூட்டுவாதம் இருக்கலாம், இதெல்லாம் எங்களுக்கு எப்புடி தெரியும். எட்டு மாசம் போச்சு. செலவ கூட்டிப் பாத்தா 20 ஆயிரத்த தாண்டும், அதனால எங்களுக்கு காசு இல்லாமதான் லேட்டாச்சுன்னு யாரும் சொல்லிற முடியாது. யாருகிட்ட போகணும்னு தெரியல, அதான்.

சரியான எடத்த காட்டுனது யாருன்னா, எங்க அப்பத்தாவுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி குடுக்குற பிசியோதெரபி தம்பி. அப்பத்தாவுக்கு பக்கவாதம். 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம்னு இருக்குல்ல, அதுல வருவாரு. அன்னைக்கு அக்காதான் அவருக்கு டீ கொண்டாந்துச்சு. டம்ளர விரலால பிடிக்காம ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு, திருப்பலி நேரத்துல சாமியார் கிண்ணத்த தூக்குவாருல்ல, அந்த மாதிரி கொண்டாந்துச்சு. சூடா இருக்குறதால அப்புடி பிடிக்குதுன்னு நான் நெனச்சேன். அவரு டீய வாங்கி கீழ வச்சுட்டு "அக்கா, காலைல எந்திரிச்சா எவ்வளவு நேரம் கை பிடிச்ச மாதிரி இருக்கு"ன்னு கேட்டாரு. அக்கா யோசிச்சுட்டு "பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புற வரைக்கும்"னுச்சு. அஞ்சரைக்கு எந்திரிக்கிற ஆளு, பிள்ள போறது எட்டேகாலுக்கு. அவரு கையக்கூட தொட்டுப் பாக்கல, இது எலும்பு டாக்டர்கிட்ட போறது இல்லக்கா, மூட்டுவாத டாக்டர்கிட்ட போகணும், மதுரைல பெரியாஸ்பத்திரிக்கு போகலாம், இல்ல ராம்நாட்டுக்கு ஒருத்தர் வர்றாருன்னு சொல்லி போன் நம்பர் தேடிக் குடுத்துட்டு போனாரு. எட்டு மாசமா எம்புட்டு பேரு அந்த கைய பாத்தாங்க, ஒருத்தர் கூட அந்த கேள்விய கேக்கல.

இதுல ஒரு சிக்கல், "வாதம்"ங்கிற வார்த்தை. வீட்டுல ஏற்கனவே அப்பத்தா பக்கவாதத்துல படுத்திருக்கா, அக்காவுக்கும் வாதம்னு சொன்னதும் அம்மா அழுதே தீத்துட்டாங்க, தெருவுல ரெண்டு பேரு வாய் கோணிருச்சான்னு பாக்க வந்துட்டாங்க. ரெண்டும் வேற வேறன்னு புரிய வைக்கவே ஒரு வாரம். ஒடம்புல இருக்குற காவல் சக்தியே ஆள் தெரியாம நம்ம மூட்ட அடிக்குதுன்னு நர்ஸக்கா ஒரு தடவ சொன்னாங்க, அம்மாவுக்கு அதுதான் பிடிபட்டுச்சு. "சொந்த நாயே கடிக்குதுங்கிறியா"ன்னு கேட்டாங்க. ஆமா அதான்.

போற வழி. 2022 டிசம்பர்லயே பழைய பாம்பன் பாலத்துல ரயில நிறுத்திட்டாங்க, புதுப் பாலம் தொறந்தது 2025 ஏப்ரல்ல, அதனால நாங்க போன மொத பத்து மாசமும் பஸ்சுதான். ஞாயித்துக்கிழமை ராமேஸ்வரத்துலேர்ந்து வர்ற பஸ்ல எங்க எடம் கிடைக்கும், யாத்திரைக்கு வந்த கூட்டம். அக்காவால கம்பிய பிடிச்சு நிக்க முடியாது, மொழங்கைய கம்பில கோத்துக்கிட்டு ராம்நாடு வரைக்கும் வந்துச்சு. மதுரைக்கு போறதுன்னா இன்னும் ரெண்டு ரெண்டரை மணி நேரம், ஒரு நாள் கூலி போயிரும், சாப்பாடு செலவு வேற. டாக்டர் பாதி வழி வர்றதுதான் இந்த கிளினிக்கோட மொத பெரிய ப்ளஸ்.

இப்ப குறை. மூட்டு வலிக்காரங்க வர்ற கிளினிக்க மாடில வச்சிருக்காங்க. லிஃப்ட் கிடையாது. 19 படி, எண்ணிட்டேன். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், ஏறும்போது இடது பக்கம், அக்காவுக்கு இடது மணிக்கட்டுதான் ரொம்ப மோசம். மொத தடவ எங்களுக்கு முன்னாடி ஒரு பெரியம்மா படில உக்காந்து உக்காந்து பின்னாடியே ஏறுனாங்க, பாக்கவே ஒரு மாதிரி ஆகிருச்சு. பாத்ரூம் இந்தியன் டைப், முட்டி மடக்க முடியாதவங்க அங்க என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சவங்க யாரும் இல்ல போல. கீழ லேப்ல காலியா ஒரு ரூம் கெடக்கு, சாமான் போட்டு வச்சிருக்காங்க. நான் சொல்லிட்டேன், "ஓனர்ட்ட பேசுறோம்"னாங்க, ஒரு வருசமா பேசிக்கிட்டு இருக்காங்க. டோக்கன்ல பத்து மணின்னு போட்டுருக்கும், டாக்டர் வர பன்னெண்டு ஆகும். அப்புறம் ஒரு வாரத்துக்கு முன்னாடி வெளிய எடுத்த ஈஎஸ்ஆர் (ஒடம்புல வீக்கம் எம்புட்டு இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) ரிப்போர்ட்ட காட்டுனா "எங்க லேப்ல ஒரு தடவ எடுத்துருங்க"ன்னு கவுண்டர்ல ஒரு பையன் சொன்னான், உள்ள போயி டாக்டர்ட்ட கேட்டா தேவையே இல்லைன்னுட்டாரு. அதனால கவுண்டர்ல காசு கட்டுறதுக்கு முன்னாடி உள்ள கேட்டுருங்க.

டாக்டர் எப்புடின்னா, பேச்சு கம்மி, பார்வை ஜாஸ்தி. கைகுலுக்குற மாதிரி அக்கா கைய பிடிச்சு, விரலும் உள்ளங்கையும் சேர்ற முட்டி வரிசைய பக்கவாட்டுல ஒரு அமுக்கு. அக்கா "ஐயோ மாதாவே"ன்னுச்சு. அவரு அத ஒரு பேப்பர்ல குறிச்சுக்கிட்டு அடுத்து மணிக்கட்டு, மொழங்கை, தோளு, முழங்காலுன்னு ஒவ்வொண்ணா தொட்டு, வலிக்குதா வீங்கியிருக்கான்னு தனித்தனியா எழுதுனாரு. மொத்தம் 28 எடம். ஒவ்வொரு தடவயும் அதே 28 எடத்த எண்ணுறாரு, கூடுதா குறையுதான்னு அதுல தெரிஞ்சுரும். விரல் நுனி கணுவ மட்டும் எண்ணல, ஏன் சார்னு கேட்டேன், இந்த நோய் பெரும்பாலும் அந்த கணுவ தொடாது, அது வயசானவங்களுக்கு வர்ற தேய்மானத்துல வீங்குறதுன்னாரு. ஆன்ட்டி சிசிபின்னு, இந்த மூட்டுவாதத்த கண்டுபிடிக்க உதவுற இன்னொரு ரத்த டெஸ்ட் எழுதுனாரு. அது பாசிட்டிவ். முன்னாடி நெகட்டிவ் வந்ததுன்னு ஆறுதல் பட்ட வீட்டுக்கு அது ஒரு அடி.

எட்டு மாசம்னு சொன்னதும் அவரு திட்டல, பேனாவ மூடி மேசைல வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. ஐரோப்பால இந்த டாக்டருங்க சங்கம் ஒரு வழிகாட்டி போட்டிருக்கு, வீக்கம் ஆரம்பிச்சு ஆறு வாரத்துல ஸ்பெசலிஸ்ட் பாக்கணும், மூணு மாசத்துக்குள்ள நோயோட வேர பிடிக்கிற மருந்த ஆரம்பிச்சுரணும், அப்ப பிடிச்சா மூட்டு தேயாம காப்பாத்துறது ரொம்ப ஈசின்னு சொன்னாரு. எங்களுக்கு அந்த கெடு போயிருச்சு. ஆனாலும் எலும்பு இன்னும் அரிக்கல, இப்பவும் லேட் இல்லைன்னாரு.

மருந்து மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். கூட ஃபோலிக் ஆசிட், அது வேற நாள்ல. இது வேல செய்ய ஆறு வாரத்துலேர்ந்து மூணு மாசம் வரைக்கும் ஆகும், அதுவரைக்கும் ஓட்டுறதுக்கு கொஞ்சமா ஸ்டீராய்ட், அதையும் படிப்படியா கொறைச்சு நிறுத்திட்டாரு. செட் மாத்திரைல தெரியாம முழுங்குன அதே சாதிதான், இங்க அளவு தெரிஞ்சு, முடியுற தேதி தெரிஞ்சு போடுறது.

இப்ப நர்ஸக்கா. நாலு ஸ்டார்ல ரெண்டு இவங்களுக்குத்தான். டாக்டர் ரூம்லேர்ந்து வந்ததும் தனியா உக்கார வச்சு எந்த நாள் மறக்க மாட்டீங்கன்னு கேட்டாங்க. கம்பெனிக்கு ஞாயிறு லீவு, மாத்திரை போட்ட மறுநாள் சிலருக்கு கொமட்டும், அதனால சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்னு அவங்களே முடிவு பண்ணி, ஒரு சின்ன நோட்டுல செவப்பு மையில "சனி மட்டும்"னு எழுதிக் குடுத்தாங்க. அப்புறம் என்னைய வெளிய போகச் சொல்லிட்டு அக்காட்ட தனியா பேசுனாங்க. இந்த மாத்திரை சாப்புடுற வரைக்கும் கர்ப்பம் ஆகக்கூடாது, பிள்ள வேணும்னா முன்னாடியே டாக்டர்ட்ட சொல்லி நிறுத்தி சில மாசம் விட்டுத்தான்னு. அக்கா வீட்டுக்கு வந்து அம்மாட்ட சொன்னப்பதான் எனக்கே தெரியும். தம்பிய வச்சுக்கிட்டு அத கேட்டிருந்தா அக்கா தலைய ஆட்டிட்டு வந்திருக்கும், அம்புட்டுதான்.

அந்த செவப்பு எழுத்து ரெண்டாவது மாசம் என்ன பண்ணுச்சுன்னு கேளுங்க. மாத்திரை தீந்துபோயி ராம்நாடு போக முடியல, நான் சீட்ட எடுத்துக்கிட்டு பக்கத்துல ஒரு மெடிக்கல்ல கேட்டேன். இல்ல, வரவழைச்சுத் தர்றேன்னாரு. ரெண்டு நாள்ல வந்துச்சு, நல்ல மனுசன்தான். ஆனா பழக்க தோசத்துல ரெண்டு கவர்லயும் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு கோடு போட்டுட்டாரு. மெத்தோட்ரெக்ஸேட்டும் மஞ்ச, ஃபோலிக் ஆசிட்டும் மஞ்ச, ரெண்டும் பொடிசு. அக்கா சனிக்கிழமை ராத்திரி சரியா போட்டுருச்சு. ஞாயித்துக்கிழமை காலைல பூசைக்கு கெளம்புற அவசரத்துல கவர பாத்து இன்னொண்ண கைல எடுத்துருச்சு, தண்ணி செம்பு ஒரு கைல. மூத்தவ எட்டாப்பு படிக்கிறா, அவதான் "அம்மா நோட்டுல சனி மட்டும்னுல்ல போட்டுருக்கு"ன்னா. தெனமும் போட்டா வாய் புண்ணாகி, ரத்த அணு எறங்கி, உசுருக்கே ஆபத்தாகுற மாத்திரை அது. நான் நர்ஸக்காவுக்கு போன் போட்டேன், கிளினிக் இல்லாத ஞாயித்துக்கிழமை, அவங்களுக்கு லீவு நாளு, எடுத்தாங்க. முழுங்கலைல்லன்னு மூணு தடவ கேட்டுட்டு, மெத்தோட்ரெக்ஸேட் கவர கிழிச்சு போட்டுட்டு மாத்திரைய எண்ணி நாலே நாலு மட்டும் ஒரு டப்பால வைங்க, நாலு வாரத்துக்கு நாலு சனிக்கிழமைதான், மிச்சத்த நீங்க வாங்கிட்டுப் போயி உங்க வீட்டுல வச்சுக்கங்கன்னாங்க. இப்பவும் அப்புடித்தான் பண்றோம். நான்தான் ஸ்டோர் கீப்பர்.

ஒரு மாசம் ஆகியும் வலி பெருசா கொறையலைன்னதும் அக்காவுக்கு நம்பிக்கை போயிருச்சு. அந்த நேரம் பாத்து எதுத்த வீட்டு பையன் நெட்ல பாத்துட்டு இது கேன்சர் மாத்திரைன்னு சொல்லிட்டான். அக்கா ரெண்டு வாரம் போடவே இல்ல, எங்ககிட்ட சொல்லவும் இல்ல, டப்பால எண்ணிக்கை தப்பா இருந்துச்சு, அப்புடித்தான் பிடிச்சேன். டாக்டர்ட்ட சொன்னதும் அவரு சிரிக்கல. ஆமாம்மா, கேன்சருக்கும் குடுப்பாங்க, ஆனா அந்த அளவு வேற, இது துளி, மூட்டுவாதத்துக்கு அமெரிக்கால 1988லயே அனுமதி குடுத்துட்டாங்க, உலகம் பூரா மொதல்ல குடுக்குற மருந்தே இதுதான்னாரு. பொய் சொல்லாம ஆமான்னு ஆரம்பிச்சாரு பாருங்க, அதுலதான் அக்கா நம்பிருச்சு.

செலவு கேப்பீங்க. மொத தடவ ஃபீஸ் 600, ரத்த டெஸ்ட் எல்லாம் சேத்து மூவாயிரத்துக்கு பக்கம். அதுக்கப்புறம் மருந்து மாசம் 500க்குள்ளதான். ரத்த அணுவும் ஈரலும் சரியா இருக்கான்னு அடிக்கடி டெஸ்ட் எடுக்கணும், அத கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இலவசமா எடுத்துட்டு வாங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு. லேப் மாடில உக்காந்துக்கிட்டு அப்புடி சொல்றதுக்கு ஒரு இது வேணும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய நீட்டிப் பாத்தேன், அது அட்மிட் ஆகி பாக்குற வைத்தியத்துக்குத்தானாம். அம்மாவுக்கு சுகர் மாத்திரை பிரசர் மாத்திரை எல்லாம் வீடு தேடி வருது, கொண்டு வர்ற அக்கா எங்க வீட்டு வாசல்லதான் உக்காந்து தண்ணி குடிக்கிறாங்க, அவங்க பைல இந்த நாலு மாத்திரையும் வந்துட்டா எம்புட்டு நல்லாருக்கும்.

எங்க கடக்கரைக்குன்னே ஒரு கஷ்டம் இருக்கு, தடைக்காலம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, நிவாரணம் 8000 வரும், அத வச்சு என்ன என்ன பண்றது. இந்த வருசம் தடைக்காலத்துல அக்கா வரமாட்டேன்னுருச்சு, ஸ்கூல் ஃபீஸ் வேற வருது. நான் போன்ல சொன்னப்ப நர்ஸக்கா, சரி வர வேணாம், கவர்மெண்ட்ல டெஸ்ட் மட்டும் எடுத்து ரிப்போர்ட்ட வாட்ஸப்ல போடுங்க, கைய போட்டோ எடுத்து அனுப்புங்கன்னாங்க. டாக்டர் பாத்துட்டு அதே டோஸ் தொடரச் சொன்னாரு, காசு வாங்கல. ரெண்டு மாசம் விட்டுப்போயிருக்க வேண்டிய மருந்து விட்டுப்போகல.

இப்ப எப்புடி இருக்கு. போன தடவ 28ல ரெண்டு எடம்தான் வலி, வீக்கம் ஒண்ணே ஒண்ணு, இடது மணிக்கட்டு. காலைல பிடிப்பு ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கு. கம்பெனிக்கு போகுது, முன்ன மாதிரி கிலோ வராது, முக்காவாசி வருது. சூடை மீனு உரசி கழுவ இன்னும் முடியல, அத மச்சான் பாத்துக்குறாரு, அவரு கழுவுற லச்சணத்த பத்தி அக்கா தனியா ஒரு ரிவியூ எழுதும்.

போறவங்களுக்கு: வியாழக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு மேல போன் போட்டாத்தான் டோக்கன், வெள்ளிக்கிழமை போட்டா தீந்துரும். பதினொண்ணே முக்காலுக்கு போனா போதும், பத்துக்கு போயி உக்காராதீங்க. பழைய சீட்டு எல்லாத்தையும் கொண்டு போங்க, செட் மாத்திரை சாப்பிட்டிருந்தா வெக்கப்படாம சொல்லிருங்க, முடிஞ்சா ஒண்ண கைல எடுத்துட்டே போங்க. வீக்கம் காலைலதான் நல்லா தெரியும், மதியம் டாக்டர் பாக்குறப்ப வத்திப்போயிருக்கும், அதனால எந்திரிச்சதும் கைய ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. படி ஏற முடியாதவங்க கீழயே உக்காந்துக்கிட்டு மேல ஒரு ஆள அனுப்பி நர்ஸக்காட்ட சொன்னா டாக்டர் எறங்கி வந்து பாக்குறாரு, அத போர்டுல போட மாட்டாங்க, கேட்டாத்தான் உண்டு.